தோற்றவர் ஏன் சிரிக்கிறார்?

ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒருநாள் பழைய புகைப்படம் ஒன்றைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடி அணிந்த ஒருவர் தொடர்வண்டியின் பின்மேடையில் நின்றபடி ஒரு நாளேட்டை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்திருக்கிறார். முகமெல்லாம் சிரிப்பு. நாளேட்டின் முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில் மூன்றே ஆங்கிலச் சொற்கள். தமிழில் சொன்னால், “ட்ரூமனை டூயி வென்றார்.” படத்தில் இருப்பவர்தாம் ட்ரூமன் என்பதையும் சொல்லிவைத்தேன்.

வகுப்பு சிறிது நேரம் அமைதியாக இருந்தது. பிறகு பின்வரிசை மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள். “ஐயா, தோற்றவர் ஏன் சிரிக்கிறார்?”

நல்ல கேள்வி. அதற்கு ஒரு வரியில் விடை சொல்லிவிடலாம். ஆனால், அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் கதை சுவையானது. ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பயனுள்ளதும்கூட. ஆகவே, கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகைச் சிரிக்கவைத்த சில தலைப்புச் செய்திகளை இங்கே அசைபோடலாம் என்று எண்ணுகிறேன்.

கடிகாரத்திடம் தோற்ற நாளேடு

1948ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் அமெரிக்காவில் அதிபர் தேர்தல். பதவியில் இருந்த ஹாரி ட்ரூமன் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர். நியூயார்க் மாநில ஆளுநர் தாமஸ் டூயி குடியரசுக் கட்சியின் வேட்பாளர். ட்ரூமன் தோற்பார் என்பதில் அன்று யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. ‘நியூஸ்வீக்’ இதழ் ஐம்பது அரசியல் எழுத்தாளர்களிடம் கருத்துக் கேட்டது. ஐம்பது பேரும் டூயியே வெல்வார் என்றனர். ஓர் ஆள்கூட மாற்றிச் சொல்லவில்லை! கருத்துக் கணிப்பாளர் எல்மோ ரோப்பர், இனிமேல் கணிப்பதற்கு என்ன இருக்கிறது என்று செப்டம்பர் மாதத்திலேயே கடையைக் கட்டிவிட்டார். கேலப் நிறுவனம் இறுதியாக வெளியிட்ட கணிப்பில் டூயிக்கு 49.5 விழுக்காடு, ட்ரூமனுக்கு 44.5 விழுக்காடு. முடிவு வந்தபோது ட்ரூமனுக்கு ஏறத்தாழ 49.6, டூயிக்கு 45.1. எண்கள் ஏறக்குறையச் சரிதான். பெயர்கள்தாம் இடம் மாறிவிட்டன.

இந்தச் சூழலில்தான் ‘சிக்காகோ ட்ரிப்யூன்’ நாளேட்டின் அச்சுக்கூடத்தில் வேறொரு நாடகம் நடந்துகொண்டிருந்தது. 1947 நவம்பர் முதல் அங்கே அச்சுக்கோப்பவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தனர். ஆயினும் நாளேட்டை நிறுத்த நிர்வாகம் விரும்பவில்லை. செய்திகளைத் தட்டச்சுப் பொறியில் அடித்து, தாளில் ஒட்டி, படம் பிடித்து, அதிலிருந்து அச்சுத் தகடு செய்தார்கள். இந்தச் சுற்றுவழியால் வழக்கத்தைவிடப் பல மணி நேரம் முன்னதாகவே பக்கங்களை முடிக்க வேண்டியிருந்தது.

தேர்தல் நாளன்று முதற்பதிப்புக்கான நேரம் நெருங்கியபோது பெரும்பாலான மாநிலங்களின் முடிவுகள் வந்திருக்கவில்லை. என்ன செய்வது? வாஷிங்டன் நிருபர் ஆர்தர் சியர்ஸ் ஹென்னிங்கின் சொல்லை நம்பினார்கள். அவர் பழுத்த அனுபவசாலி. முந்தைய ஐந்து அதிபர் தேர்தல்களில் நான்கில் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னவர். அவர் டூயி என்றார். ஆசிரியர் குழுவும் டூயி என்றது. அச்சு இயந்திரம் ஓடியது. ஏறத்தாழ 150,000 படிகள் அச்சாகிவிட்டன.

இதே இரவில் ட்ரூமன் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? மிசௌரி மாநிலத்தின் எக்செல்சியர் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூருக்குச் சத்தமில்லாமல் போய், ஒரு ரொட்டியையும் ஒரு குவளைப் பாலையும் உட்கொண்டுவிட்டுப் படுத்துறங்கினார். நள்ளிரவில் விழித்து வானொலியைத் திருப்பினார். புகழ்பெற்ற வருணனையாளர் ஒருவர், ட்ரூமன் 12 இலட்சம் வாக்குகள் முன்னணியில் இருக்கிறார், ஆனாலும் ஐயமின்றித் தோற்றுவிட்டார் என்று அறிவித்துக்கொண்டிருந்தாராம். ஓட்டத்தில் முந்தி ஓடுகிறவர் தோற்றுவிட்டார் என்று ஓடும்போதே அறிவிப்பதைப் போன்றது இது. பின்னாளில் அந்த வருணனையாளரின் குரலைப் போலவே பேசிக்காட்டி அவையைச் சிரிக்கவைப்பது ட்ரூமனுக்குப் பிடித்தமான விளையாட்டாயிற்று.

மறுநாள் முற்பகல் டூயி தோல்வியை ஒப்புக்கொண்டார். தேர்வாளர் வாக்குகளில் ட்ரூமனுக்கு 303, டூயிக்கு 189, மூன்றாமவரான ஸ்ட்ரோம் தர்மண்டுக்கு 39. நவம்பர் 4ஆம் நாள் ட்ரூமன் வாஷிங்டன் திரும்பும் வழியில் செயின்ட் லூயிஸ் நிலையத்தில் தொடர்வண்டி நின்றது. யாரோ ஒருவர் அந்த நாளேட்டின் படி ஒன்றை அவர் கையில் கொடுத்தார். அதை அவர் உயர்த்திப் பிடித்த கணத்தில் ஒளிப்படக் கருவிகள் விழித்துக்கொண்டன. தோற்றவர் சிரித்த கதை இதுதான்.

இங்கே தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு சிறு இடைச்செருகல். ஆங்கிலத்தில் சொற்கள் நிற்கும் இடத்தை வைத்தே வென்றவர் யார், தோற்றவர் யார் என்று அறிய வேண்டும். தமிழில் ‘ஐ’ என்னும் வேற்றுமை உருபு அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ‘ட்ரூமனை டூயி வென்றார்’ என்றாலும் ‘டூயி ட்ரூமனை வென்றார்’ என்றாலும் பொருள் ஒன்றே. ஆனால், இடம் போதவில்லை என்று உருபைத் தொகுத்துவிட்டால் வந்தது வினை. ‘புலி கொல் யானை’ என்று தொல்காப்பிய உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு ஆசிரியப் பெருமக்களுக்கு நினைவிருக்கும். புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? சொல்லை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது.

ட்ரிப்யூன் மட்டும் தமிழ் நாளேடாக இருந்திருந்தால் அன்றிரவு எவ்வளவு எளிதாகத் தப்பியிருக்கும்! ‘டூயி வென்ற ட்ரூமன்’ என்று போட்டிருந்தால் போதும். டூயி வென்றாலும் சரி, ட்ரூமன் வென்றாலும் சரி, தலைப்பை மாற்றத் தேவையில்லை. இலக்கணம் படித்த உதவியாசிரியர் ஒருவர் அங்கே இல்லாமற் போனது அந்த நாளேட்டின் போதாத காலம்.

தலைப்பில் பிறந்த தட்டு

ட்ரிப்யூன் செய்தது அவசரப் பிழை. அதற்கு ஓராண்டு முன்னர் நடந்ததோ இன்னும் வேடிக்கையானது. அங்கே ஒரு சொல்லே புதிதாகப் பிறந்தது.

1947 ஜூன் 24ஆம் நாள் கென்னத் ஆர்னல்ட் என்னும் வணிகர் தம்முடைய சிறு விமானத்தில் வாஷிங்டன் மாநிலத்து ரெய்னியர் மலைக்கு அருகே பறந்துகொண்டிருந்தார். ஒன்பது பொருள்கள் பளபளத்தபடி மிக விரைவாகச் செல்வதைக் கண்டதாக மறுநாள் செய்தியாளர்களிடம் கூறினார். அவை எப்படிப் பறந்தன என்பதை விளக்க, நீர்ப்பரப்பின்மேல் வீசிய தட்டு தத்தித் தத்திச் செல்வதைப் போல என்று உவமை சொன்னாராம். நம் பிள்ளைகள் குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிவார்களே, அதுபோல.

உவமையணியில் பொதுத்தன்மை எது என்று கண்டறிவது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஆர்னல்ட் ஒப்பிட்டது அசைவை. தலைப்பு எழுதியவர்கள் எடுத்துக்கொண்டது வடிவத்தை. தாம் சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று அவரே பிற்பாடு குறைப்பட்டுக்கொண்டார். ஆனால், ‘பறக்கும் தட்டு’ என்னும் சொல் சில நாள்களுக்குள் அமெரிக்க நாளேடுகளின் தலைப்பில் ஏறிவிட்டது. இதன் பின்னர் நிகழ்ந்ததுதான் விந்தை. நாட்டின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் வட்டத் தட்டுகளைக் கண்டதாக மக்கள் சொல்லத் தொடங்கினார்கள்! தலைப்பு முன்னே சென்றது. தட்டு அதன் பின்னே பறந்து வந்தது.

அந்தச் சூடு ஆறுவதற்குள் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பண்ணைக்காரர் ஒருவர் தம் மேய்ச்சல் நிலத்தில் ரப்பர்த் துண்டுகள், வெள்ளீயத் தாள், தடித்த காகிதம், குச்சிகள் ஆகியவற்றைக் கண்டெடுத்தார். அருகில் இருந்த ரோஸ்வெல் படைத்தளத்துச் செய்தி அதிகாரி, பறக்கும் தட்டு கைக்கு வந்துவிட்டதாக அறிக்கையே விட்டுவிட்டார். ஜூலை 8ஆம் நாள் ‘ரோஸ்வெல் டெய்லி ரெக்கார்ட்’ நாளேட்டின் தலைப்பு, ரோஸ்வெல் வட்டாரப் பண்ணையில் பறக்கும் தட்டை விமானப்படைத் தளம் கைப்பற்றியது என்று முழங்கியது. காகிதமும் குச்சியும் கொண்டு வேற்றுக்கோளிலிருந்து எப்படி வந்தார்கள் என்று கேட்க அன்று எவருக்கும் தோன்றவில்லை போலும்.

மறுநாளே அதே நாளேட்டில், ரோஸ்வெல் தட்டைத் தளபதி ரேமி காலியாக்கினார் என்னும் பொருளில் தலைப்பு வந்தது. தட்டிலிருந்த சோற்றை யாரோ வழித்துத் தின்றுவிட்டது போன்ற தலைப்பு! கிடைத்தது வானிலைப் பலூன் என்று படைத்துறை விளக்கம் கூறியது.

கதை அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால், அந்தத் திருத்தமும் முழு உண்மையன்று. சோவியத் ஒன்றியத்தின் அணுவெடிப்புச் சோதனைகளை ஒலியைக் கொண்டு கண்டறியும் ‘மொகுல்’ என்னும் மறைபொருள் திட்டத்தின் பலூன் தொகுதியே அது என்று 1994இல் அமெரிக்க விமானப்படை அறிக்கை வெளியிட்டது. பிழையான தலைப்பு ஒருநாள் வாழ்ந்தது. பாதி உண்மையான மறுப்பு 47 ஆண்டுகள் வாழ்ந்தது. இடையில் மக்களின் ஐயம் மரமாக வளர்ந்துவிட்டது. இன்று அவ்வூரில் பறக்கும் தட்டுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. ஆண்டுதோறும் விழாவும் உண்டு. மறுப்புக்கு யார் விழா எடுப்பார்கள்?

பொய் உடையில் வந்த மெய்

இதுவரை கண்டவை மெய்போல் வந்த பிழைகள். இனி, பொய்போல் வந்த ஒரு மெய்யைக் காண்போம்.

1953 மே 29ஆம் நாள் முற்பகலில் டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியில் கால் பதித்தனர். அந்த மலையேற்றக் குழுவின் செய்திகளை வெளியிடும் உரிமையை லண்டன் ‘தி டைம்ஸ்’ நாளேடு பெற்றிருந்தது. குழுவுடன் சென்றிருந்த அதன் நிருபர் ஜேம்ஸ் மோரிஸுக்கு ஒரு கவலை. மலையடிவாரத்திலிருந்து செய்தியை ஓட்டக்காரர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். நாம்சே பஜாரில் இருந்த இந்தியக் காவல் நிலையத்தின் வானொலி வழியாகத்தான் அது காட்மாண்டுக்குப் போகும். வழியில் போட்டி நாளேட்டார் யாரேனும் மோப்பம் பிடித்துவிட்டால்?

ஆகவே முன்கூட்டியே குறிமொழி ஒன்றை ஆயத்தப்படுத்தியிருந்தார்கள். பனியின் நிலை மோசம் என்றால் எவரெஸ்ட் வெல்லப்பட்டது என்று பொருள். முன்தளம் கைவிடப்பட்டது என்றால் ஹிலாரி. நிலைமை சீரடையக் காத்திருக்கிறோம் என்றால் டென்சிங். உலகின் மிக உயர்ந்த வெற்றிச் செய்தி, படிப்பவர் எல்லாரும் ‘ஐயோ பாவம்’ என்று இரங்கும்படியான தோல்விச் செய்தியாக மலையிறங்கி வந்தது. அதை அனுப்பிய வானொலிப் பணியாளருக்கும் உண்மை தெரியாது.

ஜூன் 2ஆம் நாள் காலையில் செய்தி வெளியாயிற்று. அன்றுதான் இரண்டாம் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழா. போட்டி நாளேடான ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’, இத்தனைக்கும் மேலாக எவரெஸ்டும்கூட என்னும் பொருளில் முதற்பக்கத்தில் ஆர்ப்பரித்தது. செய்திக்கு உரிமையாளரான டைம்ஸ் என்ன செய்தது? அந்நாளில் அதன் முதற்பக்கம் முழுவதும் வரி விளம்பரங்களே இடம்பெறும். 1966 மே மாதம் வரையில் அந்த வழக்கம் மாறவில்லை. எனவே உலகின் உச்சியிலிருந்து வந்த செய்தி, அதைக் கொண்டுவந்த நாளேட்டிலேயே உட்பக்கத்தில் அடக்கமாக அமர்ந்திருந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பின்வரிசையில் உட்காரவைத்த கதைதான்.

அச்சில் ஏறாத தலைப்பு

இறுதியாக ஒன்று. கிளாட் கோபர்ன் என்னும் ஆங்கில இதழாளர் 1956இல் தம் தன்வரலாற்றை வெளியிட்டார். தாம் டைம்ஸ் நாளேட்டில் பணியாற்றிய காலத்தில் உதவியாசிரியர்கள் தங்களுக்குள் ஒரு போட்டி வைத்துக்கொண்டதாகவும், மிகவும் சலிப்பூட்டும் தலைப்பை அச்சில் ஏற்றுபவருக்கே வெற்றி என்றும், தாம் ஒருமுறை வென்றதாகவும் அதில் எழுதினார். அவர் கூறும் தலைப்பு: சிலியில் சிறு நிலநடுக்கம், இறந்தவர் அதிகமில்லை.

ஆங்கில இதழியல் பற்றிப் பேசுவோர் பல்லாண்டுகளாக இந்தத் தலைப்பைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். ஒரே ஒரு குறைதான். டைம்ஸ் நாளேட்டின் பழைய தொகுப்புகளைப் புரட்டித் தேடியவர்களுக்கு இப்படியொரு தலைப்பு கிடைக்கவே இல்லை. சிறந்த கதையாக இருந்தது. ஆகவே எல்லாரும் நம்பினோம். செய்தியாளர்களுடைய பிழைகளைப் பார்த்துச் சிரிக்க வந்த நாம், சிரிக்கும் அவசரத்தில் நாமே ஒரு பிழையைச் சுமந்து திரிந்திருக்கிறோம்.

என் பங்குக்கு ஒன்று

இவற்றையெல்லாம் வகுப்பில் சொல்லி முடித்தபோது பிள்ளைகள் நன்றாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால், உள்ளே ஒரு முள் குத்திக்கொண்டிருந்தது.

2019 செப்டம்பரில் புகைமூட்டம் மிகுந்து மலேசியாவின் பல மாநிலங்களில் பள்ளிகள் மூடப்பட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு மாலைப்பொழுது. அன்றும் வானம் சற்று மங்கலாகத்தான் இருந்தது. ‘புகைமூட்டம்: நாளை பள்ளிகளுக்கு விடுமுறை’ என்னும் செய்தி என் கைப்பேசிக்கு வந்தது. தலைப்பைப் படித்தேன். சன்னல் வழியாக வானத்தைப் பார்த்தேன். பொருந்தியது. உடனே பெற்றோர்களின் புலனக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, ஆசிரியர் கடமையைச் செய்துவிட்ட நிறைவோடு தேநீர் குடித்தேன்.

அது 2019ஆம் ஆண்டின் செய்தி. தேதி கீழே சிறிய எழுத்தில் இருந்தது. அரைமணி நேரம் கழித்துச் சக ஆசிரியர் ஒருவர் அழைத்துச் சொன்னபோதுதான் தெரிந்தது. உடனே மறுப்பு அனுப்பினேன். மறுநாள் காலை ஒன்பது பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. அவர்களுடைய பெற்றோர் முதற்செய்தியைப் படித்திருந்தார்கள், மறுப்பைப் படிக்கவில்லை. ஒரு தாயார் மட்டும் என்னிடம் வந்து, “ஐயா, நீங்கள் அனுப்பியதால்தான் நான் வேறு எங்கும் விசாரிக்கவில்லை,” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் பணிவாகச் சொன்னார்.

ட்ரிப்யூன் ஆசிரியர் குழுவுக்கு வேலைநிறுத்தம் இருந்தது, கடிகாரம் இருந்தது. எனக்கு என்ன இருந்தது? அச்சு இயந்திரம் எனக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை. அக்காலத்தில் பிழையான தலைப்பைப் பரப்புவதற்கு ஓர் அச்சுக்கூடமும் பல டன் தாளும் தேவைப்பட்டன. இன்று கட்டைவிரல் ஒன்றே போதும். நாம் ஒவ்வொருவரும் இப்போது ஒரு நாளேட்டின் இரவுப்பணி ஆசிரியர். அதற்கான பயிற்சிதான் எவருக்கும் தரப்படவில்லை.

அந்த நாள் தொடங்கி, எந்தத் தலைப்பைக் கண்டாலும் நான்கு கேள்விகளைக் கேட்கும்படி மாணவர்களைப் பழக்கிவருகிறேன். இது எப்போது எழுதப்பட்டது? இதைச் சொன்னவர் நேரில் கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா? அவர் சொன்ன சொல்லும் தலைப்பில் உள்ள சொல்லும் ஒன்றுதானா? இதற்குப் பின்னர் மறுப்போ திருத்தமோ வந்ததா? முதற்கேள்வி ட்ரிப்யூன் தந்தது. மூன்றாவது ஆர்னல்டின் தட்டு தந்தது. நான்காவது அந்த ஒன்பது பிள்ளைகள் தந்தது. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார் சொல்லிவைத்ததும், எதை யார் சொன்னாலும் அதன் மெய்ப்பொருளைக் காணச் சொல்லி வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் வலியுறுத்தியதும் இதையேதான். பெற்றோர்களும் இந்த நான்கு கேள்விகளை வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்டுப் பார்க்கலாம். ஒரு நாளேடும் பத்து நிமிடமும் இருந்தால் போதும்.

ட்ரிப்யூன் நாளேட்டைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். பிற்காலத்தில் அந்நாளேடு தன் பிழையை மறைக்க முயலவில்லை. தன் வரலாற்றின் ஒரு பகுதியாக அதை ஏற்றுக்கொண்டது. அந்தத் தேர்தலின் 25ஆம் ஆண்டு நிறைவையொட்டி, பிழையான அந்தத் தலைப்பையே ஒரு நினைவுப் பட்டயமாகச் செய்து ட்ரூமனுக்கு வழங்கவும் திட்டமிட்டிருந்தது. ஆனால், 1972 டிசம்பர் 26ஆம் நாள் ட்ரூமன் மறைந்துவிட்டார். அன்று முந்திக்கொண்ட நாளேடு இம்முறை பிந்திவிட்டது.

என் வகுப்பின் பின்சுவரில் அந்தப் புகைப்படத்தை ஒட்டிவைத்திருக்கிறேன். அதன்கீழ், தேதி தெளிவாகத் தெரியும்படி, நான் அனுப்பிய அந்தப் புகைமூட்டச் செய்தியையும் ஒட்டியிருக்கிறேன். அந்தப் பின்வரிசை மாணவி அதைப் பார்த்துவிட்டு, “ஐயா, நீங்கள் மட்டும் ஏன் சிரிக்கவில்லை?” என்று கேட்டாள்.

இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிக்கப் பழகுகிறேன், அம்மா.